நிற்கும் பேருந்தில் கட்டிய வீடு ஓடத் தொடங்கியபோது

பழைய பயணிகள் பேருந்து ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அதற்குள் படுக்கை, சமையல் மேடை, குளியலறை, சிறிய எழுதுமேசை ஆகியவற்றை அமைக்க எனக்குப் பதினான்கு மாதங்களின் வார இறுதிகள் தேவைப்பட்டன. வேலை முடிந்ததும் நானும் என் மனைவியும் அதில் ஏறிப் புறப்பட்டு, 43 நாள்களில் 6,400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். புறப்படும்போது என் அச்சமெல்லாம் பேருந்தின் மீதுதான் இருந்தது. பல ஆண்டுகள் உழைத்துக் களைத்த எஞ்சின் மேட்டில் திணறுமா, கிளட்ச் தேய்ந்துவிடுமா, ரேடியேட்டர் கொதிக்குமா என்று தூக்கம் கெட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. வழியில் பழுதானவை எல்லாம் நான் புதிதாகச் சேர்த்தவை, அல்லது நான் சேர்த்தது பழைய வண்டியைத் தொட்ட இடங்கள். அந்தப் பழுதுகளையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் பயணத்தின்போது எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சில அளவுகளைச் சொல்லிவிட்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும். நீளம் 10 மீட்டர். எஞ்சின் முன்புறத்தில் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர். பின் அச்சுக்குப் பின்னால் 3 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. பட்டை ஸ்பிரிங்குகள், ஏர் பிரேக், 24 வோல்ட் மின்னமைப்பு. வீட்டுப் பகுதிக்கு மட்டும் தனியாக 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்து, ஓடும்போது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்தும், நிற்கும்போது கூரையில் உள்ள சூரியத் தகடுகளிலிருந்தும் அதற்கு மின்னேற்றம் கிடைக்கும்படி செய்திருந்தேன்.

எடையில்தான் முதல் தவறு நேர்ந்தது. பேருந்தை வீடாக மாற்றுபவர்கள் எடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. நாற்பது பயணிகளைத் தலா 65 கிலோ என்று கொண்டால் 2,600 கிலோ. இரண்டு பேர் அமரும் இருக்கை ஒன்று 30 கிலோ என்று கொண்டால் இருபது இருக்கைகளுக்கு 600 கிலோ. ஆக 3,200 கிலோவைச் சுமக்கவே செய்யப்பட்ட வண்டியில் நான் ஏற்றியது தண்ணீரையும் சேர்த்து ஏறத்தாழ 2,100 கிலோதான். புறப்படுவதற்கு முன் எடை மேடையில் ஏற்றி, மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு, மனநிறைவோடு இறங்கிவிட்டேன். ஆனால் பயணிகள் வண்டி முழுவதும் பரவி அமர்கிறார்கள். நான் வைத்த பொருள்கள் அப்படிப் பரவியிருக்கவில்லை என்பதை மூன்றாம் நாள் மழை புரியவைத்தது. ஈரச் சாலையில் ஒரு வளைவில் ஸ்டியரிங் வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருந்தது. திருப்பிய பிறகு ஒரு கணம் தாமதித்தே முன்பகுதி திரும்பியது. விபத்து எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு கணம் கைகளில் தங்கிவிட்டது.

மறுநாள் வழியில் தென்பட்ட எடை மேடையில் முன் அச்சைத் தனியாகவும், பின் அச்சைத் தனியாகவும், பிறகு பின் அச்சின் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை பார்த்தேன். கடைசியாகச் சொன்னதற்கு மேடையை ஒட்டிய தரையும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் வண்டி சாய்ந்து கணக்கைப் பொய்யாக்கிவிடும். முடிவு வெட்கப்படும்படி இருந்தது. முன் அச்சு தேவைக்கும் குறைவாகச் சுமந்துகொண்டிருந்தது. பின் அச்சில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 380 கிலோ கூடுதலாக இருந்தது. சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டிகள், ஸ்டெப்னி, கருவிப் பெட்டி, எரிவாயு உருளை எல்லாவற்றையும் வேலை செய்ய வசதியாக இருந்த ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன். போதாக்குறைக்குச் சமையல் மேடைக்கு 20 மில்லிமீட்டர் தடிமனான கருங்கல் பலகை போட்டிருந்தேன். கருங்கல் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். அழகுக்காக ஓடும் வண்டியில் கல்லைச் சுமந்த அறிவாளி நான்.

தண்ணீர்த் தொட்டியின் கணக்கு இன்னும் தெளிவானது. தலா 150 லிட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகளைப் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் அடுத்தடுத்து வைத்திருந்தேன். நிரம்பியபோது 300 கிலோ. பின் அச்சை நெம்புகோலின் ஊன்றுபுள்ளியாக எண்ணிக்கொண்டால், 300-ஐ 2-ஆல் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான 5-ஆல் வகுக்க 120 வரும். அதாவது அந்தத் தண்ணீர் முன் அச்சை 120 கிலோ அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. பின் அச்சோ 300 அல்ல, 420 கிலோவைக் கூடுதலாகச் சுமந்தது. ஸ்டியரிங் இலேசானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தொட்டிகளைப் பாதி அளவு நிரப்பிக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அது தவறான வழி. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோத இடம் கிடைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாய்ந்து, வளைவில் ஒரு பக்கமாக ஏறி, வண்டியைத் தானே இழுக்கிறது. முழுதாக நிரம்பியதும் முழுதாகக் காலியானதும்தான் அடங்கியிருக்கும். எனவே இரண்டு தொட்டிகளையும் பிரித்தேன். ஒன்றைப் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கும் சாமான் அறைக்கு மாற்றி, இரும்புப் பட்டைகளால் கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு வைத்தேன். ஓடும்போது முன் தொட்டி நிறைந்திருக்கும், பின் தொட்டி காலியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் தங்கினால்தான் பின் தொட்டியில் தண்ணீர் பிடிப்போம். இப்போது முன் தொட்டியின் 150 லிட்டர் தண்ணீர் முன் அச்சின் மீது 45 கிலோவை ஏற்றுகிறது. கருவிப் பெட்டியும் ஸ்டெப்னியும் வலப்பக்கம் போயின. கருங்கல்லைக் கழற்றி, ஒரு பட்டறையில் இருந்தவர் கேட்டதால் அவரிடமே கொடுத்துவிட்டு, பிளைவுட்டின் மேல் மெல்லிய ஸ்டீல் தகடு ஒட்டிக்கொண்டேன். இடம் வலம் வேறுபாடு 90 கிலோவாகக் குறைந்தது. இத்தனைக்கும் இரண்டு நாள்கள் செலவாயின.

எடை தெரிந்த பிறகுதான் டயர் அழுத்தத்தைச் சரியாக வைக்க முடியும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். பயணிகளோடு ஓடிய காலத்து அழுத்தத்தையே வைத்திருந்தேன். அந்த எடை இப்போது இல்லாததால் வண்டி சின்னக் குழிக்கும் எகிறிக்கொண்டிருந்தது. டயர் நிறுவனங்கள் தரும் அட்டவணையில் அச்சின் எடைக்கு ஏற்ற அழுத்தம் இருக்கும். அதன்படி குறைத்ததும் அலமாரிகளின் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பதினோராம் நாள் இரவு மனைவி என்னை எழுப்பினாள். “என்னங்க, யாரும் குழாயைத் திறக்கலை. மோட்டார் மட்டும் ஏன் ஓடுது?” என்றாள். காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, தண்ணீர் பம்ப் இரண்டே நொடிகள் உறுமிவிட்டு அடங்கியது. இவ்வகை பம்ப்புகளில் அழுத்த சுவிட்ச் ஒன்று இருக்கும். குழாயைத் திறந்து அழுத்தம் குறைந்தால் அது பம்ப்பை ஓடவிடும். மூடியதும் அழுத்தம் ஏறி நிறுத்திவிடும். யாரும் திறக்காதபோது அது ஓடுகிறது என்றால், எங்கோ அழுத்தம் சிறிது சிறிதாகக் கசிகிறது என்று பொருள். அது இரண்டு விதமாக நடக்கலாம்: குழாய்ப் பாதையில் எங்காவது தண்ணீர் ஒழுகலாம், அல்லது பம்ப்பினுள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் தொட்டிக்கே திரும்பலாம். இரண்டையும் பிரித்தறியும் சோதனை மிக எளிது. பம்ப்புக்கு அடுத்து உள்ள வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போதும் விட்டுவிட்டு ஓடினால் குறை பம்ப்பில். ஓடாமல் இருந்தால் குறை குழாயில். அந்த வால்வை முன்யோசனையோடு வைத்திருந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். மூடிவிட்டு ஒரு மணி நேரம் விழித்திருந்தோம். பம்ப் ஓடவில்லை. குழாயில்தான் ஒழுகல்.

சந்தேகம் நேராக நான் ஒரு வாரம் முன்பு மாற்றியமைத்த தொட்டியின் இணைப்புகள் மீது போயிற்று. காலையில் ஒவ்வொரு ஜாயின்டையும் காகிதக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். விரல் உணராத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும். எல்லாம் உலர்ந்திருந்தன. சமையல் மேடைக்குக் கீழும் ஒன்றுமில்லை. மிஞ்சியது குளியலறையின் பின்சுவர். அந்தச் சுவரை நான் பசையும் ஆணியும் சேர்த்து, மடிப்பு தெரியாமல், ஒரே பலகையாக மூடியிருந்தேன். பார்க்க நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அப்படி மூடியதற்கு ஒரு காரணமும் இல்லை. இப்போது ரம்பத்தால் அதில் ஓர் அடி சதுரத்துக்குத் துளை போட்டேன். உள்ளே டார்ச் அடித்தபோது, குழாயைத் திருப்பும் வெள்ளை முழங்கை இணைப்பு (எல்போ) ஒன்றின் மரையடியில் ஒரு துளி திரண்டு, நெடுநேரம் தயங்கி, பிறகு கீழே விழுந்தது. அதன் கீழே பிளைவுட் கருத்து ஊதியிருந்தது. நகத்தால் அழுத்தியபோது ரொட்டியைப் போல அமுங்கியது.

எல்போவைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, பலமாக முறுக்கியதில், மரையின் அடியில் தலைமுடி போன்ற விரிசல் விழுந்திருந்தது. அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தைக் கண்டுபிடிக்க, வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஒரு சிறிய மேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, நான் அந்தத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மெல்ல ஓட்டினாள். தரையும் பின்சுவரும் ஒன்றோடொன்று நான்கைந்து மில்லிமீட்டர் நகர்ந்தன. பேருந்தின் உடல் ஒரு பெட்டி அல்ல. ஒவ்வொரு குழியிலும் அது முறுகி நிமிர்கிறது. நானோ விறைப்பான குழாயின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைச் சுவரிலும் இறுக்கமாகக் கிளாம்ப் போட்டு வைத்திருந்தேன். தரையும் சுவரும் தனித்தனியாக அசைந்ததால், நடுவிலிருந்த எல்போ இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் அந்த அசைவைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்போவை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாதம் அதே இடத்தில் நின்றிருப்பேன். தரையிலிருந்து சுவருக்குப் போகும் துண்டை முழுவதும் நீக்கிவிட்டு, குடிநீருக்கு ஏற்ற வளையும் ஹோஸை அரைவட்டமாகத் தொங்கும்படி பொருத்தினேன். சுவர் எவ்வளவு அசைந்தாலும் அந்த வளைவு விரிந்து சுருங்கிக்கொள்ளும். தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போட்டேன். அதற்குப் பிறகு விறைப்பான குழாயை 40 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப் வீதம் பிடித்தேன். ஊறிய பிளைவுட்டை வெட்டி எடுத்து, அடியில் இருந்த இரும்பைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, புதுத் துண்டு வைத்தேன். சுவரில் போட்ட துளைக்கு நான்கு ஸ்க்ரூவில் கழன்றுவரும் ஒரு மூடியைச் செய்தேன். பிறகு இதேபோல் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இழுபடும் குழாய் வேறு எங்கும் இருக்கிறதா என்று தேடியதில் இன்னும் இரண்டு அகப்பட்டன. அவை இன்னும் ஒழுகத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

குளிர்பெட்டியின் கதை வேறு. பதினேழாம் நாள் முதல் அது இரவில் மட்டும் தானாக நின்றுவிடும். காலையில் வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தது. பெட்டியே பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, புதியது எங்கே கிடைக்கும் என்றுகூட விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். நல்ல வேளையாக அதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன்.

இரவில், பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, பேட்டரி முனைகளில் 13.0 வோல்ட் இருந்தது. பெட்டியின் பின்னால் உள்ள முனைகளில் 11.7 மட்டுமே இருந்தது. வழியில் 1.3 வோல்ட் காணாமல் போயிருந்தது. கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கப்படும். அப்போது அளவு மேலும் சரிந்து, பெட்டியில் நான் வைத்திருந்த 11.1 வோல்ட் பாதுகாப்பு வரம்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பேட்டரி வற்றிவிட்டது என்று பெட்டி நினைத்து, அதைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. பகலில் மின்னேற்றம் நடப்பதால் பேட்டரி முனையிலேயே 14 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும், 1.3 போனாலும் போதுமான அளவு மிஞ்சும். இரவில் மட்டும் குறை தெரிந்ததன் மர்மம் இதுதான்.

காணாமல் போன வோல்ட் எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடிக்க, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மற்றொன்றைப் பெட்டியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தேன்: 0.2 வோல்ட். அது எதிர்பார்த்த அளவே. செம்பின் மின்தடை ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட வயருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம், நான் போட்டிருந்தது 9 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் வயர், 5 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் இழப்பு வரத்தான் செய்யும். அடுத்து நெகட்டிவ் பக்கத்தை அளந்தேன். 1.1 வோல்ட். அங்கேதான் இருந்தது.

நெகட்டிவ் பக்கத்துக்குத் தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பும் பாதையாக இருக்கட்டும் என்று, பெட்டிக்கு அருகில் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தேன். சட்டத்தில் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் தடிமனாக இருந்தது. அதைச் சுரண்டாமலே போல்ட்டை முறுக்கியிருந்தேன். நிறுத்தி வைத்திருந்த மாதங்களில் மரையின் ஓரங்கள் பெயின்ட்டைக் கீறி எப்படியோ தொடர்பு கொடுத்திருக்கின்றன; சாலையின் அதிர்வில் அந்தத் தொடர்பும் தளர்ந்து, இடையில் துரு படிந்துவிட்டது. போல்ட்டின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்த இரவிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்பெட்டிக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் போல்ட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. 10 சதுர மில்லிமீட்டர் வயரை நெகட்டிவுக்கென்று தனியே பேட்டரி வரை இழுத்து, முனைகளில் லக் என்னும் உலோக வளைய முனை வைத்து முறையான கருவியால் அழுத்தினேன். மறுபடி அளந்தபோது நெகட்டிவ் பக்க இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. பெட்டி அன்று முதல் ஒருநாளும் நிற்கவில்லை. சூரியத் தகடுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பொருத்தியபடியே கூரையில் இருந்து வேலை செய்தன.

இதுவரை சொன்னவை வசதிக் குறைவுகள். இருபத்து நான்காம் நாள் நேர்ந்தது அப்படிப்பட்டதல்ல. காலையில் எஞ்சினைத் தொடங்கியபோது காற்றழுத்த முள் அடியில் கிடந்தது. முந்தைய மாலை நிறுத்தும்போது அது 8 பாரில், அதாவது ஏறத்தாழ 116 பிஎஸ்ஐயில், இருந்தது. ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது பிரேக் சேம்பருக்குள் இருக்கும் வலுவான ஸ்பிரிங். அதை விடுவிப்பதுதான் காற்று. எனவே காற்று இல்லாவிட்டால் வண்டி நகராது, அதுவரை நல்லதே. ஆனால் இரவெல்லாம் காற்று எங்கோ வெளியேறுகிறது என்றால், ஓடும்போதும் அது வெளியேறுகிறது; அதை ஈடுகட்ட, பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் எஞ்சின் கம்ப்ரஸர் ஓய்வின்றி உழைக்கிறது. இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது அது பின்தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தேன். அன்று வண்டியை நகர்த்தவில்லை.

கனரக வாகன ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படும் ஒரு சோதனை உண்டு. அழுத்தத்தை முழுதாக ஏற்றி, எஞ்சினை அணைத்து, சமதரையில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். இணைப்பு வண்டி இல்லாத ஒற்றை வாகனத்தில் ஒரு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேலும், பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால் 3 பிஎஸ்ஐக்கு மேலும் இறங்கக் கூடாது. எங்கள் வண்டியில் மிதியைத் தொடாமலே ஒரு நிமிடத்துக்கு 6 இறங்கியது. எஞ்சின் ஓசை இல்லாத அமைதியில் வண்டியின் நடுப்பகுதியின் அடியில் மெல்லிய சீறல் கேட்டது. சோப்பு நீரைத் தூரிகையில் தொட்டு, சீறல் வந்த திசையில் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே போனேன். தரையின் குறுக்குச் சட்டம் ஒன்றை ஒட்டிப் போகும் கறுப்பு நைலான் குழாயின் மேல் நுரை கொப்புளித்தது. அதற்கு நேர் மேலே, தரையைத் துளைத்துக்கொண்டு, ஓர் ஸ்க்ரூவின் கூர்முனை பளபளப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. குழாயில் உரசி உரசித்தான் அந்தப் பளபளப்பு வந்திருக்கிறது.

அந்த ஸ்க்ரூ என்னுடையது. பழைய தரை 20 மில்லிமீட்டர், அதன் மேல் நான் போட்ட பிளைவுட் 18 மில்லிமீட்டர், ஆக 38. கையில் 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்கள் ஒரு பெட்டி மிச்சமிருந்ததால் அவற்றையே இறக்கியிருந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் அடியில் எதைத் தொடும் என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

பிரேக் குழாயில் ஒட்டுப்போடும் வேலைக்கு இடமே கிடையாது. டேப், பசை, கிளாம்ப் எதுவும் உதவாது, உதவவும் கூடாது. கனரக வாகன மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் உரசுண்ட பகுதியை மட்டும் வெட்டாமல், இரண்டு பழைய ஜாயின்ட்டுகளுக்கு நடுவே இருந்த முழுத் துண்டையும் கழற்றி, அதே வெளிவிட்டம் கொண்ட, பிரேக்குக்கென்றே தயாரிக்கப்படும் நைலான் குழாயை வைத்தார். முனைகளைச் சாய்வின்றி நேராக வெட்டுவதற்கென்று தனிக் கத்தி வைத்திருந்தார்; கோணலாக வெட்டினால் ஜாயின்ட்டுக்குள் சரியாக அமராது என்று காட்டினார். குழாயைச் சட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் புதிய கிளிப்புகளில் பொருத்தினார். பிறகு நான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ முனைகளை ஒவ்வொன்றாகக் கிரைண்டரால் அறுத்தேன். அருகில் குழாயோ வயரோ இருந்த இடங்களில் ஸ்க்ரூவையே எடுத்துவிட்டுக் குட்டையானதைப் போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. கண்ணுக்குள் இரும்புத் தூள் விழாமல் இருக்கக் கண்ணாடி அணிந்திருந்தும் மாலைவரை கண்ணீர் வடிந்தது. மறுபடி சோதித்தபோது ஒரு நிமிடத்தில் முள் அசையவே இல்லை. அன்றிலிருந்து மாலைதோறும் ஏர் டேங்குகளின் வடிகால் வால்வைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுவதும், காலையில் முள் எங்கே நிற்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுவதும் என் வேலைகளாயின.

டயரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள். உள் டயர் காற்றிழந்தால் வெளியே தெரியாது, வெளி டயர் இரண்டு பேரின் சுமையையும் சுமந்து சூடேறும். நிறுத்தம்தோறும் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தால், ஒருநாள் வலப்பக்க வெளி டயர் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது தெரிந்தது. உள் டயரின் வால்வுக்குக் காற்றடிக்க வசதியாக நான் மாட்டியிருந்த நீட்டிப்புக் குழாய் அதிர்வில் தளர்ந்திருந்தது. என் கைவேலைதான் அதுவும். அதைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் தாங்கி ஒன்றை மாட்டியபின் தொல்லை இல்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய டயர் வாங்குபவர்கள் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும்: 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. தரையைத் தொடும் பட்டன் (பள்ளக்கோடுகள் உள்ள மேற்பரப்பு) தேயாமலே வயதால் கெட்ட டயர்கள்தான் வீட்டுப் பேருந்துகளில் அதிகம். அவை ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் அல்லவா.

ஓட்டுவதில் பழக வேண்டியிருந்தது பின்நீட்சிதான். முன்பகுதி இடப்பக்கம் திரும்பும்போது, பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் 3 மீட்டர் உடல் வலப்பக்கம் வெளியே வீசும். எரிபொருள் நிரப்பும் இடத்துத் தூண் ஒன்று அதை எனக்குக் கற்பித்தது. தூணுக்குச் சேதமில்லை, என் பின்விளக்குக்கு மட்டும்தான். சூரியத் தகடுகளையும் சேர்த்த உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணுக்கு எதிரே எழுதி ஒட்டியிருந்ததால், பாலங்களுக்கு அடியில் தடுமாற்றம் இருக்கவில்லை. ஒரு மேட்டில் ஏற எந்தக் கியர் தேவையோ அதைவிட ஒன்று குறைத்து, எஞ்சின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் துணையோடு அதில் இறங்கினோம்; ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மீறிய இரண்டு நாள்களிலும் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

உள்ளே இருந்தவற்றில் காந்தத் தாழ்ப்பாள்கள் முதல் வாரத்திலேயே தோற்றன. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பித்தான் தாழ்ப்பாள்களை மாட்டினேன். பிளைவுட்டில் ஸ்க்ரூவால் பிடித்த அலமாரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவற்றை ஊடுருவும் போல்ட், அகன்ற வாஷர், நைலான் பூட்டு நட் கொண்டு உடற்சட்டத்தோடு பிணைத்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால், உருளை இருக்கும் பெட்டியின் அடித்தளத்தில் வெளிநோக்கிய துளைகள் வைத்திருக்கிறேன். ஓடும்போது உருளையின் வால்வு மூடியே இருக்கும். கட்டும்போது நான் சரியாகச் செய்த சிலவற்றுள் ஒன்று, படுக்கையைப் பின்பக்க அவசர வழியை மறைக்காமல் அமைத்தது. அதன் கைப்பிடி துருப்பிடித்திருக்கவில்லை என்பதை மாதம் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறோம்.

திரும்பி வந்த மறுநாள் மறுபடி எடை மேடைக்குப் போனேன். முன் தொட்டி நிரம்பியிருக்க, பின் தொட்டி காலியாக இருக்க, பின் அச்சில் இடம் வலம் வேறுபாடு 60 கிலோ. எங்கள் துணிமணிகளில் பாதி வலப்பக்கத்தில் சேர்ந்துவிட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். குறிப்பேட்டில் இன்னும் ஒரு வரி அடிக்கப்படாமல் இருக்கிறது: இரண்டாம் கியரில், கரடுமுரடான சாலையில் மட்டும், பின்பக்க அலமாரியிலிருந்து வரும் ஒரு கீச்சொலி. அலமாரியைக் காலி செய்து பார்த்தாயிற்று, கதவைக் கழற்றி வைத்து ஓட்டியும் பார்த்தாயிற்று. அடுத்த முறை மனைவி ஓட்ட, நான் அதற்குள் உட்கார்ந்து வரப்போகிறேன்.